சவவண்டிக் கொட்டகையில் ஒரு கார்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தது என் மகனின் பாதங்களை மட்டும்தான். மற்றதெல்லாம் காருக்கு அடியில் இருந்தது.

பூசை முடிந்து வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பக்கம் ஏதோ கனமாக உட்காரும் சத்தம் கேட்டது. இரும்பு இரும்பில் மோதும் சத்தமாக இருந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்; அது எனக்குப் பழகியிருந்தது. இது நெல் மூட்டையை மணலில் போட்டது போல மெத்தென்று இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், காரின் முன்பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்த செங்கல் அடுக்கைக் காணவில்லை. மணல் அதை விழுங்கியிருந்தது. கார் மூக்கைத் தரையில் வைத்துக் கிடந்தது. பக்கவாட்டில் இரண்டு பாதங்கள்.

அந்தப் பாதங்களைப் பிடித்துக்கொண்டேன். இழுக்கவில்லை. இழுத்தால் என்ன வருமோ என்ற பயம். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று இரண்டு பாதங்களும் என் ஒரு கைக்குள் அடங்கியிருந்தது ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. "அப்பா, கால விடுங்க. கூச்சமா இருக்கு."

கழற்றி வைத்திருந்த சக்கரம் ஒன்று அவன் தோளுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. காரின் எடையை அது வாங்கிக்கொண்டது. அவனுடைய சட்டைக் கை மட்டும் இரும்புக்கும் மணலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அதைக் கிழித்துவிட்டு நெளிந்து வெளியே வந்தவன், முகமெல்லாம் கறுப்பு எண்ணெயோடு சிரித்தான். என் மனைவி அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள்; வைத்த கையோடு அவனைக் கட்டிக்கொண்டாள். நான் மணலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரர் ஆளும் எங்கள் ஊரில், துவான் என்று நாங்கள் சொல்லும் சுங்கச் சாவடியில் நான் எழுத்தர். கப்பல் சரக்கு இறக்கும்போது கடற்பாலத்துப் பக்கம் எங்காவது மூட்டை விழுந்தால் இன்றைக்கும் என் பேனா அப்படியே நின்றுவிடுகிறது.

கார் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மகன் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறினார். அவரிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. ஓடாது. விற்கப் பார்த்தார், யாரும் வரவில்லை. கடைசியில், "வேண்டுமானால் நீ தள்ளிக்கொண்டு போ" என்று இவனிடம் சொல்லிவிட்டார். இவனும் தன் சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு கால்வாயைத் தாண்டி எங்கள் தெருவரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தான். கோவில் சப்பரம் வந்தாற்போலத் தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. "ஒரு மாடு தள்ளிட்டு வந்திருந்தா சாணியாவது போட்டிருக்கும்" என்றாள் என் மனைவி.

அதை வைத்துப் பிழைக்க வேண்டும் என்றெல்லாம் அவனுக்கு எண்ணம் கிடையாது. ஆசை, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேட்டியை மடித்துக்கட்டி அதற்கு அடியில் படுத்துவிடுவான். ஒவ்வொரு மரையாகக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் பரப்புவான். அம்மா வடகம் காயவைத்த துணிக்குப் பக்கத்தில் இவன் துணி.

கார் விழுந்த பிறகு, இனி அதைத் தொடக்கூடாது என்று சொன்னேன். சரி என்றான். சாயங்காலம் வந்து காருக்கு எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பான். கழுவிய மரைகளையே திரும்பக் கழுவுவான். சாப்பாட்டு நேரத்தில் பேச்சு குறைந்தது.

மனைவிதான் அதை உடைத்தாள். "என்னங்க, புள்ளையக் கார்கிட்ட இருந்து பிரிச்சுட்டீங்க. நல்லது. இனிமே அவன் எங்க போய்ப் படுப்பான்னு தெரியுமா?"

"எங்க படுப்பான்? கட்டில்லதான்."

"உங்க கண்ணுக்கு மறைவா, யாரோ ஒருத்தன் வண்டிக்கு அடியில போய்ப் படுப்பான். அந்தத் தரை மணலா கல்லான்னு நீங்க போய்ப் பாக்க முடியுமா? அதுக்கு பதிலா நல்ல எடமா பாத்து நீங்களே குடுத்துடுங்க."

அப்படித்தான் நான் இடம் தேடக் கிளம்பினேன். எனக்கு இரண்டு விஷயம் வேண்டியிருந்தது. தரை கெட்டியாக இருக்கவேண்டும். அவன் கத்தினால் காதில் விழும் தூரத்தில் யாராவது குடியிருக்கவேண்டும். வாடகை என் சம்பளத்துக்குள் அடங்கவேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பிழைப்புக்கு என்றால் வாடகை கொடுக்கலாம். ஆசைக்கு எவ்வளவு கொடுப்பது?

போகிற இடத்திலெல்லாம் குடையின் கூரால் தரையைக் குத்திப் பார்த்தேன். கடற்கரை ஊரில் எங்கே குத்தினாலும் குடை இறங்குகிறது. நாற்பத்தெட்டு வயதுவரை இந்த ஊரில் நடந்திருக்கிறேன், இவ்வளவு மணலின்மேல் நடக்கிறேன் என்று நினைத்ததே இல்லை. தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு தோப்பில் நல்ல செம்மண் தரையோடு கொட்டகை கிடைத்தது. வாடகையும் குறைவு. ஆனால் சுற்றிலும் மரங்கள்தான். நடுத்தோப்பில் நின்று, "தம்பி" என்று குரல் கொடுத்துப் பார்த்தேன். ஒரு காக்கைகூடத் திரும்பவில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பெரிய கடைப் பக்கம் மணிலாக் கொட்டை மண்டி வைத்திருந்த மரைக்காயர் எனக்குத் தெரிந்தவர். சரக்குக் காகிதங்களோடு துவானுக்கு வருவார். அவர் கிடங்கில் சிமெண்டுத் தரை. குடையால் குத்தினேன், டக்கென்று நின்றது. எனக்குச் சந்தோஷம்.

"முசியே, என் தரை உங்கள என்னா பண்ணிச்சு?" என்றார். 'ஐயா' என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் பிரெஞ்சில் சொல்வார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு மேலே கூரைவரை அடுக்கியிருந்த சாக்கு மூட்டைகளைக் காட்டினார்.

"உங்க புள்ள பெட்ரோல் வச்சுக்கிட்டு இங்க உக்காருவாரு. ஒரு பொறி பட்டா என் சரக்கு பூரா வறுத்த கடலையாயிடும். வாசனைக்கு ஊரே வந்துடும். விக்கிற கஷ்டம் இருக்காது. ஆனா நான் எங்க போறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். எழுந்து வரும்போது மட்டும் என் தோளைத் தொட்டு, "புள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே? அதுக்கு அல்லாவுக்கு நன்றி சொல்லுங்க. எடம் கெடைக்கும்" என்றார்.

கிடைத்தது. ஆனால் நான் நினைத்துப் பார்க்காத இடத்தில்.

எங்கள் பங்குக் கோவிலில் மணியடித்து மெழுகுவர்த்தி ஏற்றுகிற கோவில்பிள்ளை, நான் கோவில் முற்றத்தையே குடையால் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்டார். சொன்னேன். அவர் கோவிலுக்குப் பின்புறம் அழைத்துப்போய் ஒரு உயரமான கதவைத் திறந்தார். உள்ளே கருங்கல் பாவிய நீளமான கொட்டகை. குடை இறங்கவே இல்லை. அடுத்த சுவர் கோவில்பிள்ளையின் வீடு. அவர் மனைவி அம்மியில் அரைப்பதுகூடக் கேட்டது. நான் கேட்ட இரண்டும் இருந்தன.

கொட்டகையின் உள்கோடியில், கறுப்புத் துணி போர்த்தி, சவவண்டி நின்றிருந்தது.

பங்கில் யார் இறந்தாலும் பெட்டியை அந்த வண்டியில் ஏற்றித்தான் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். குதிரை கிடையாது. அதற்கென்று ஒரு சபை உண்டு. சபை ஆட்களே கையால் இழுப்பார்கள். வேலைக்காரன், வியாபாரி, எழுத்தர் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள்.

"சவவண்டிய முன்னால நிறுத்திட்டு, கார உள்ள விட்டா?" என்று கேட்டேன்.

"அதெப்படிங்க? கதவத் தொறந்ததும் தெருவுல போறவங்க கண்ணுல அதுவா படணும்? புள்ளத்தாச்சிப் பொண்ணுங்க பூசைக்கு வர்ற வழி. அது எப்பவும் உள்ளதான் நிக்கும். உங்க கார் முன்னால நிக்கட்டும். அடக்கத்துக்கு மணி அடிச்சா கார் வெளிய வந்துடணும். அவ்வளவுதான்."

பங்குச் சாமியார் வெள்ளைக்காரர். செபப் புத்தகத்தில் படித்த தமிழைத்தான் பேசுவார். வாடகை என்ன என்று கேட்டதற்கு, "பீடத்துக்கு நல்ல மெழுகுவர்த்திகளை உமது குமாரன் கொண்டுவருவானாக" என்றார். மாதா மாதம் ஒரு கட்டு மெழுகுவர்த்தி. அதைவிட மலிவாக இந்த ஊரில் மாட்டுக்குக்கூட இடம் கிடைக்காது.

இருந்தும் வீட்டில் வந்து சொல்ல எனக்குத் தயக்கம். சாவின் வாயிலிருந்து வந்த பிள்ளையை அந்த வண்டிக்குப் பக்கத்திலா படுக்க வைப்பது?

மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "தரை எப்படி?"

"கருங்கல்லு."

"பக்கத்துல ஆள் இருக்கா?"

"கோவில்பிள்ளை வீடு."

"அப்புறம் என்னா? அது செத்தவங்கள ஏத்தற வண்டிதானே, சாவடிக்கிற வண்டி இல்லியே. சாவடிக்கப் பாத்த வண்டி நம்ம தோட்டத்துல இல்ல நிக்குது."

கார் கொட்டகைக்குப் போனது. மகன் முகத்தில் பழைய களை திரும்பியது. அடக்கத்துக்கு மணி அடித்த நாட்களில் அவனோ கோவில்பிள்ளையோ காரைத் தெருவுக்குத் தள்ளுவார்கள். சவவண்டி போய்த் திரும்பியதும் உள்ளே தள்ளுவார்கள். சபை ஆட்களுக்கு அது ஒரு வேடிக்கை ஆகிவிட்டது. "வாத்தியாரே, சீக்கிரம் ஓட வையி. சவவண்டிக்கு முன்னால கட்டி இழுக்கலாம். எங்க கையி தப்பிக்கும்" என்று கேலி செய்வார்கள்.

பிறகு, அடிப்பக்கம் எண்ணெய் ஒழுகுகிறது, முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்றான். இந்த முறை செங்கல் வேண்டாம் என்று பனங்கட்டைகள் வாங்கி வந்தேன். குறுக்கும் நெடுக்குமாக நானே அடுக்கினேன். அடுக்கியது அசையாமல் இருக்கக் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். முடிச்சின்மேல் முடிச்சு. மகன் ஜாக்கியைச் சுற்றிக் காரை அந்தக் கட்டைகள்மேல் உட்கார வைத்தான். நான் முன்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கொட்டகைதான் ஆடும், கார் ஆடாது என்றான் அவன்.

ஆட்டிப் பார்த்தும் மனசு ஆறவில்லை. நான் இல்லாத நேரத்தில் தனியாகக் காரை ஏற்றி இறக்கினால்? ஆகவே ஜாக்கியைக் கையோடு வீட்டுக்கு எடுத்து வந்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில். கனமான இரும்பைத் துணியில் சுற்றித் தெருவோடு தூக்கிப் போய்த் தூக்கி வருவேன். "உங்கப்பா நற்கருணைப் பாத்திரம் எடுத்துட்டு வர்றாரு, முட்டி போடு" என்பாள் மனைவி, மகனிடம்.

மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வியாழக்கிழமை விடுமுறை; அன்று முழுக்க அவன் கொட்டகையில்தான். அந்த வியாழக்கிழமை காலையில் துக்க மணி அடித்தது. சந்தைத் தெருவில் தையற்கடை வைத்திருந்த பெரியவர் இறந்துவிட்டார். அடக்கம் சாயங்காலம் என்று சொன்னார்கள்.

"ஜாக்கியக் குடுத்துட்டுப் போங்கப்பா. நானே எறக்கி வெளிய தள்ளிடறேன்."

"நான் துவான்ல இருந்து நேரா வந்துடறேன். ரெண்டு பேரும் சேந்து எறக்கலாம்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான் என்று நினைக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கடல் ஈயம் போலாகிவிட்டது. துவானில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தபோது கோவில் மணி கேட்டது. எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டு, இறந்தவருக்காகச் செபம் சொல்ல ஆரம்பித்தேன். பாதிச் செபத்தில்தான் உறைத்தது. இது அடக்கத்துக்கான மணி. மழை வந்தால் மணலில் தோண்டிய குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும். அதனால் முன்னாலேயே எடுக்கிறார்கள். கார் கட்டைமேல் நிற்கிறது. ஜாக்கி பீரோவில் இருக்கிறது.

மேலதிகாரியிடம் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு ஓடினேன். பீரோவைத் திறந்து ஜாக்கியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து ஒரு புஷ்புஷ் வண்டியில் ஏறினேன். எங்கள் ஊர் வண்டி அது. ஆள் பின்னாலிருந்து தள்ளுவான்; முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் கம்பியைப் பிடித்துத் திருப்பவேண்டும். மடியில் இரும்பை வைத்துக்கொண்டு எனக்கு அது எங்கே வரும்? இரண்டு தடவை சாக்கடையோரம் போய்வந்தது.

"முசியே, நேராப் புடிங்க" என்று பின்னாலிருந்து கத்தினான் தள்ளுகிறவன். "இன்னிக்கு ஒரு மணி போதும். எனக்கும் ஒண்ணு அடிக்க வச்சுடாதீங்க!"

கோவிலுக்குப் பின்புறம் ஒரே கூட்டம். சபை ஆட்கள் கறுப்புப் பட்டை அணிந்து வந்து நின்றிருக்கிறார்கள். சவவண்டி உள்ளே, வழியை அடைத்துக்கொண்டு கார். பெட்டியோடு துக்க வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். தாமதம் என்னவென்று பார்க்க, இறந்தவரின் மகனே வந்துவிட்டார். அழுது அழுது கண் வீங்கிய முகம். முப்பது வயதுக்கு மேல் இருக்கும்.

எனக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. நான் வண்டியிலிருந்து இறங்கும்போதே சபை ஆட்கள் காரின் முன்பக்கத்தைச் சுற்றிக் குனிந்து, கையாலேயே தூக்கிவிட்டிருந்தார்கள். காரின் மூக்கு கட்டையை விட்டு ஒரு சாண் மேலே நின்றது. கட்டைகளை உருவினால்தானே காரைச் சக்கரத்தில் இறக்க முடியும்? கட்டைகளோ நான் போட்ட கயிற்றில் ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன. வெளியிலிருந்து இழுத்தால் வரவில்லை. கத்தியை வாயில் கவ்விக்கொண்டு என் மகன் அடியில் நுழைந்துகொண்டிருந்தான்.

மறுபடியும் அந்தப் பாதங்கள்.

ஜாக்கி கையிலிருந்து எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. ஓடிப்போய் இரண்டு ஆட்களுக்கு நடுவில் புகுந்து தோளைக் கொடுத்தேன். அதுவரை அந்தக் காரின் எடையை நான் நினைத்துத்தான் பார்த்திருந்தேன். ராத்திரியெல்லாம் நினைத்திருந்தேன். நினைப்பில் அது ஒரு மலை. இப்போது அது என் தோள் எலும்பில் அழுந்தியது. கனம்தான். ஆனால் கனத்துக்கு ஒரு அளவு இருந்தது. என் இடதுபக்கத் தோள் ஒன்று, வலதுபக்கத் தோள் ஒன்று, அதற்கப்பால் இன்னும் இன்னும் தோள்கள் அதைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன.

"எத்தன முடிச்சுப்பா இது!" என்று அடியிலிருந்து மகனின் குரல்.

"உங்கப்பா போட்டது. பொறுமையா அறு" என்றார் சபைத் தலைவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

என் வலதுபக்கத்தில் இருந்த ஆளைத் திரும்பிப் பார்த்தேன். இறந்தவரின் மகன். வெள்ளைச் சட்டையில் கறுப்பு எண்ணெய் அப்பியிருந்தது. எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. "தம்பி, நீங்க விடுங்க. நீங்க போய் இதத் தொடலாமா... எங்களால உங்கப்பாவுக்கு நேரமாயிடுச்சி" என்றேன்.

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார். "எங்கப்பா சொன்ன நேரத்துக்கு ஒரு சட்ட தெச்சுக் குடுத்ததில்லிங்க. இன்னிக்கு மட்டும் நேரத்துக்குப் போயிடுவாரா? உள்ள இருக்கிறவர அவசரப்படுத்தாதீங்க."

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. ஆனால் தோளை எடுக்கவில்லை. அவர் குலுங்குவது இரும்பின் வழியாக எனக்குத் தெரிந்தது.

கயிறு அறுந்தது. கட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில் மகன் வந்தான். "எறக்கலாம்" என்றான். மெல்ல, மிக மெல்ல, எல்லோரும் சேர்ந்து இறக்கினோம். காரைத் தெருவுக்குத் தள்ளினோம். சவவண்டி வெளியே வந்தது. சபை ஆட்களோடு என் மகனும் போய் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். யாரும் கூப்பிடவில்லை. தலைவர் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார். நான் கூட்டத்தோடு பின்னால் நடந்தேன். குழியை மூடும்வரை மழை பொறுத்தது.

திரும்பி வரும்போது கொட்டியது. சவவண்டியை உள்ளே விட்டு, அதற்கு முன்னால் காரையும் தள்ளி, எல்லோரும் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். இனிமேல் இங்கே இடம் கிடையாது என்று சாமியார் சொல்லப்போகிறார் என எதிர்பார்த்து நின்றேன். அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இனி அந்த யந்திரம் உமது வீட்டில் அல்ல, இங்கேயே இருப்பதாக" என்று ஜாக்கியைக் காட்டிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அடியில் மரைகளைப் பாதியில் விட்டிருக்கிறானாம். இன்றைக்கே முடுக்காவிட்டால் எண்ணெய் முழுக்கக் கல்லில் கொட்டிவிடுமாம். மறுபடியும் தூக்க வேண்டும்.

"தூக்கேன்" என்றார் சபைத் தலைவர். ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே சவவண்டியின் படியில் உட்கார்ந்தார். "இந்த மழையில நாங்க எங்க போகப் போறோம்? இங்கதான் இருப்போம்."

ஜாக்கியை மகனிடம் கொடுத்தேன். கட்டைகளை அவனே அடுக்கினான். நான் ஆட்டிப் பார்க்கவில்லை. அவன் அடியில் போனான். சபை ஆட்கள் வெற்றிலைப் பையை எடுத்தார்கள். தையற்காரர் யார் யாருக்குச் சட்டை தராமல் போய்விட்டார் என்று பேச்சு தொடங்கியது. ஒருவருடைய துணி இரண்டு வருஷமாக அவரிடம் இருக்கிறதாம். என் மகன் காருக்கு அடியிலிருந்தபடியே அதில் சேர்ந்துகொண்டு ஏதோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அவன் குரல், கொஞ்சம் தணிந்து: "அப்பா, நனஞ்சிருக்கீங்க. வீட்டுக்குப் போங்க. அம்மா தேடுவாங்க."

அங்கிருந்த முகங்களை ஒரு முறை பார்த்தேன். போனேன்.

மனைவி தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். "அவன் எங்க?"

"கார் அடியில."

ஒரே இடத்தைத் துவட்டிக்கொண்டிருந்த என் கையை அவள் பார்த்தாள். சூடாகக் காப்பி வைத்துக் கொடுத்தாள். குடித்தேன். மழை இன்னும் பலத்தது. எழுந்து வாசல்வரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"மனசு கேக்கலைன்னா போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன்" என்றாள், கேலி இல்லாமல்.

"வேணாம்" என்றேன். "ஆளுங்க இருக்காங்க."